பாட்டிலில் ஒரு பருவம்

இத்தாலியில் ஒயினின் தலையெழுத்தை வானம் எழுதுகிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கத்தரிக்கோல் எழுதுகிறது, மழை குறுக்கிடாதவரை.

ஓசூரும் ஜூஜுவாடியும் பின்னால் போனதும் தேசிய நெடுஞ்சாலை 44 கர்நாடகத்துக்குள் நுழைகிறது. ஒரு வளைவு வரவேற்கிறது. அதைத் தாண்டினால் அத்திபெலே. கணக்குப்படி பெங்களூர் நகர மாவட்டம், ஆனேகல் வட்டம். பேச்சுப்படி பாதித் தமிழ், பாதிக் கன்னடம், இடையிடையே தெலுங்கு. பிப்ரவரி மாதக் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுபவை இரண்டு: தள்ளுவண்டியில் குவித்த கறுப்புத் திராட்சை, 'ஒயின்ஸ்' என்று எழுதிய பலகை.

இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. 'ஒயின் ஷாப்' என்பது தமிழர்களைப் பொறுத்தவரை ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் இடம். 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் மாறவில்லை. எல்லை தாண்டியும் அதே கதைதான். "ஒயின் இருக்கா?" என்று கேட்டதும் அத்திபெலே கடைக்காரர் ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இனிப்பான போர்ட் வகை ஒன்றை எடுத்து வைத்தார். இனிப்பில்லாத சிவப்பு ஒயின் வேண்டும் என்றதும் ஸ்டூல் போட்டு ஏறி, டியூப்லைட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை இறக்கித் தூசி துடைத்தார். நந்தி மலைப் பக்கத்துச் சரக்கு. லேபிளில் 2022 என்று இருந்தது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "கொஞ்சம் பழசு சார். நூறு ரூபாய் குறைச்சுக்கலாம்."

பிஸ்கட் பொட்டலத்தில் அச்சடித்த தேதியைப் போலத்தான் அந்த எண்ணை அவர் படித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த எண்ணுக்காக அவர் தள்ளுபடி தந்தாரோ, அதே எண்ணுக்காகத்தான் இத்தாலியில் ஒயினின் விலை ஏறுகிறது, இறங்குகிறது. அது தயாரிப்புத் தேதி அல்ல. திராட்சை பறித்த வருடம். அந்த வருடம் வெயில் எப்படி, மழை எப்படி என்பதற்கு விவசாயி கொடுக்கும் வாக்குமூலம்.

சுவரில் பதித்த வருடங்கள்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் மான்டல்சினோ என்ற மலையூர் இருக்கிறது. அங்கே தயாராகும் 'புருனெல்லோ' அந்நாட்டின் மிக மதிப்புள்ள சிவப்பு ஒயின்களில் ஒன்று. 1888ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து பியோண்டி-சாந்தி குடும்பம் அதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். 1980இல் இத்தாலிய அரசின் மிக உயர்ந்த தரப்பிரிவு அதற்குக் கிடைத்தது.

புருனெல்லோவுக்கு விதிகள் கறாரானவை. சாஞ்சியோவேசே என்ற ஒரே ரகத் திராட்சைதான். வேறெதுவும் கலக்கக் கூடாது. ஒரு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் விளைந்தால் அது கணக்கில் சேராது. குறைந்தது இரண்டு வருடம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரியில்தான் கடைக்கு வரலாம். ரகம், மண், முறை எல்லாம் நிலையானவை. மாறுவது ஒன்றே ஒன்று, வருடம். 1992 முதல் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு பீங்கான் ஓடு செய்து ஊர் மன்றக் கட்டடச் சுவரில் பதிக்கிறார்கள். நீண்ட காலம் ஒவ்வொரு வருடத்துக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண்ணும் போட்டு வந்தார்கள்.

வானிலை எப்படிப் பழத்துக்குள் நுழைகிறது? சாஞ்சியோவேசே ஏப்ரல் வாக்கில் துளிர்க்கும். அப்போது உறைபனி விழுந்தால் துளிர் கருகும். மே, ஜூனில் பூக்கும். அப்போது மழை பெய்தால் காய்ப்பிடிப்பு குறையும். ஆகஸ்டில் பச்சைக் காய் கறுக்கும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. இந்த ஆறு மாதத்தில் மூன்று சுவைகள் ஒன்றோடொன்று ஓட்டப் பந்தயம் நடத்துகின்றன. வெயில் இனிப்பைக் கூட்டும். அந்தச் சர்க்கரைதான் நொதித்துச் சாராயச் சத்தாகும். இரவின் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பு, கொட்டைப்பாக்கைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கிறதே, அது மெதுவாகத்தான் பக்குவப்படும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் நல்ல வருடம்.

வெயில் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தமிழில் ஒரே சொல் போதும்: வெம்புதல். மரத்திலேயே வெம்பிய மாம்பழம் நிறம் மாறிவிடும். உள்ளே ருசி பக்குவப்பட்டிருக்காது. ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டிய 2003இல் பல தோட்டங்களில் அதுதான் நடந்தது. சர்க்கரை முன்கூட்டியே ஏறியது. புளிப்பு எரிந்துபோனது. துவர்ப்பு கரடாகவே நின்றது. மழை மிஞ்சினால் வேறு கோளாறு. வேர் குடித்த நீரில் பழம் ஊதும், சாறு நீர்க்கும், தோல் வெடிக்கும், பூஞ்சை ஏறும். 2014இல் மான்டல்சினோவின் கோடை குளிர்ந்து நனைந்தது. அந்த வருடப் பழத்தில் புருனெல்லோ வேண்டாம் என்று பெயர்பெற்ற சிலரே முடிவு செய்தார்கள். அடுத்த படியில் உள்ள 'ரொஸ்ஸோ' என்ற இளைய ஒயினாக அதை இறக்கி விற்றார்கள். மறு வருடம், 2015, ஐந்து நட்சத்திரம்.

நட்சத்திரங்களை முழுசாக நம்பவும் முடியாது. இத்தாலியின் வடமேற்கே, பியெமான்டேயில் விளையும் பரோலோவுக்கு 2002 சாபம் பிடித்த வருடம். மழை போதாதென்று செப்டம்பரில் ஆலங்கட்டி விழுந்து பல தோட்டங்களை அடித்துப்போட்டது. பலர் தங்கள் சிறந்த ஒயினைத் தயாரிக்கவே இல்லை. ஆனால் ஜியாகோமோ கொன்டெர்னோ நிறுவனத்தின் தோட்டம் ஆலங்கட்டிக்குத் தப்பியது. அவர்கள் பொறுத்திருந்து பறித்து, தங்கள் உச்சப் படைப்பான 'மான்ஃபோர்ட்டினோ'வை அந்த வருடமே தயாரித்தார்கள். அது பிறகு பெரும் புகழ் பெற்றது. ஊருக்கெல்லாம் கெட்ட வருடம், ஒரு சரிவுக்கு மட்டும் நல்ல வருடம்.

நமக்கு இது புதிய எண்ணமும் அல்ல. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடங்களுக்கும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று இடைக்காடர் பெயரில் வழங்கும் வெண்பாக்களைப் பஞ்சாங்கங்கள் இன்றும் அச்சிடுகின்றன. ஒரே வித்தியாசம், பஞ்சாங்கம் வருடம் பிறக்கும் முன்பே சொல்லிவிடுகிறது. ஒயின் லேபிள் வருடம் முடிந்த பிறகுதான் வாய் திறக்கிறது.

குளிர்காலம் இல்லாத கொடி

அத்திபெலேயிலிருந்து சர்ஜாபூர், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி வழியாக தொட்டபள்ளாபூருக்குப் போகும் பாதை பெங்களூரைத் தொடாமல் அரை வட்டம் அடிக்கிறது. அடுக்குமாடிகள், மனைப் பலகைகள், நடுவே ராகி அறுத்த வயல்கள், யூகலிப்டஸ் தோப்புகள். தேவனஹள்ளி நெருங்கும்போது கல்தூண்கள் தெரிகின்றன. ஆள் உயரத்துக்குக் கல் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் படரவிட்ட திராட்சைப் பந்தல். தொட்டபள்ளாபூர் பக்கம் போனால் இன்னொரு காட்சி: பந்தல் இல்லை, வேலி போல வரிசை வரிசையாகக் கம்பியில் நிமிர்த்திக் கட்டிய கொடிகள். முதலாவது சாப்பிடுகிற பழம். இரண்டாவது ஒயினுக்கான பழம்.

இந்த இரண்டாவது காட்சிக்குக் காரணமானவர் கன்வல் குரோவர். 1980களில் பிரெஞ்சு நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையுடன் இடம் தேடி, நந்தி மலையடிவாரத்தைத் தேர்ந்தெடுத்து, 1988இல் குரோவர் வைன்யார்ட்ஸைத் தொடங்கினார். 1990களில் போர்டோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷேல் ரோலாண்டும் சேர்ந்துகொண்டார். வெப்ப மண்டலத்தில் நல்ல ஒயினா என்று கேட்டவர்களுக்கு அவர்கள் காட்டிய பதில் உயரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். பகல் சுட்டாலும் இரவு இறங்கிவிடும்.

ஆனால் உயரம் தராத ஒன்று இருக்கிறது: குளிர்காலம். மான்டல்சினோவில் கொடி குளிரில் இலையுதிர்த்துத் தூங்குகிறது. வசந்தம் வந்து எழுப்புகிறது. நந்தி மலையில் கொடி தூங்குவதே இல்லை. விட்டால் வருடம் முழுதும் தழைத்துக்கொண்டே இருக்கும். எனவே பருவத்தை மனிதன் உண்டாக்குகிறான். கத்தரிக்கோலால்.

ஏப்ரல் வாக்கில் ஒருமுறை வெட்டுகிறார்கள். அது கொடிக்காக. அதில் கிளைக்கும் குச்சிகள் மழைக்காலம் முழுவதும் வளர்ந்து முற்றும். மொட்டுக்குள் பூங்கொத்து உருவாவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் வெயில் குறைந்து மேகம் மூடினால், பல மாதம் கழித்து வரவேண்டிய கொத்து மொட்டுக்குள்ளேயே குறைந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி வெட்டு. இது பழத்துக்காக. எல்லா மொட்டும் சேர்ந்தாற்போல் விழிக்க ஒரு ரசாயனத்தையும் தடவுவது உண்டு. பல மாதக் குளிர் செய்ய வேண்டிய வேலையை அது சில நாளில் செய்கிறது. நான்கைந்து மாதத்தில், பிப்ரவரி மார்ச்சில், மழையில்லாத வறண்ட நாட்களில் அறுவடை. இத்தாலிக்காரன் செப்டம்பர் மேகத்தைப் பார்த்து நடுங்குகிறான். இங்கே பழம் கனிகிற மாதத்தில் வானமே துடைத்துவிட்டது போல இருக்கும்.

அப்படியானால் இங்கே எல்லா வருடமும் நல்ல வருடம்தானா? சாஞ்சியோவேசே இந்தியாவுக்கே வந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், அக்லூஜ் அருகே, இத்தாலியச் சகோதரர்களும் இந்தியக் குடும்பங்களும் சேர்ந்து தொடங்கிய ஃப்ரத்தெல்லி நிறுவனம் அதைப் பயிரிட்டது. டஸ்கனியிலிருந்து வந்த பியரோ மாசி அதன் ஒயின் நிபுணர். சாஞ்சியோவேசேயும் காபர்னே சாவினோனும் கலந்த 'செத்தே' அவர்களுடைய பெயர் சொல்லும் சரக்கு. கர்நாடகத்திலேயே ஹம்பிக்கு அருகில் கிருஷ்மா எஸ்டேட்டிலும் இந்த ரகம் நிற்கிறது. அங்கெல்லாம் லேபிளில் வருடம் இருக்கிறது. வருடத்துக்கு வருடம் ருசியும் மாறுகிறது. மனிதன் பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வானத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

2021 நவம்பர் அதை நினைவுபடுத்தியது. பெயரே பிலவ வருடம். வடகிழக்குப் பருவமழை பெங்களூர், கோலார், சிக்கபள்ளாபூர் வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அறுப்புக்கு நின்ற ராகி வயலிலேயே முளைத்தது. அக்டோபரில் வெட்டிய திராட்சைக்கு அது துளிரும் பூவுமான நேரம். ஈரத்தோடு சேர்ந்து வந்தது அடிச்சாம்பல் நோய். அதற்கு மருந்தாக நம் விவசாயிகள் அறிந்தது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 'போர்டோ கலவை'. 1880களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் இதே நோய்க்காகப் பிறந்த கலவை அது. உலகம் ஒயினுக்காக அறிந்த ஊரின் பெயர், நம்மூரில் பூச்சிமருந்துக் கடையில்தான் புழங்குகிறது.

பெயர் இல்லாத வருடங்கள்

தேவனஹள்ளிக்கு அப்பால் ஒரு பந்தலின் நிழலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பெங்களூர் நீலம். அத்திபெலே தள்ளுவண்டியில் பார்த்த அதே கறுப்புப் பழம். அழுத்தினால் தோல் கழன்று சதை வாய்க்குள் வழுக்கி விழும், நெடிய வாசனை, நறுக்கென்று விதை. ஐரோப்பிய ரகமல்ல, அமெரிக்க வழிவந்தது. நூறு வருடங்களுக்கும் மேலாக இந்த மண்ணில் நிற்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வருடத்துக்கு இரண்டு முறை காய்க்கும். பழச்சாறு, ஜாம், அப்புறம் இனிப்பான மலிவு ஒயின். கோவாவில் போர்ட் என்ற பெயரில் விற்கும் பலவற்றுக்கும் இதுதான் மூலப்பொருள். தமிழ்நாட்டில் இதற்குச் சமமாகச் சொல்லத்தக்கது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. அதற்கு 2023இல் குறியீடு கிடைத்தது. அங்கே வெட்டும் தேதியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி வைத்து வருடம் முழுக்க அறுவடை செய்கிறார்கள். எந்த மாதப் பழம், எந்த வருடப் பழம் என்று யாரும் கேட்பதில்லை.

பந்தலின் சொந்தக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவர் பேசியது தெலுங்கு. ஓசூர்க்கார டிரைவர் தமிழாக்கினார். ஒயின் லேபிளில் வருடம் போடுவதைப் பற்றிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "வருஷம் எனக்கும் தெரியும்" என்றார். விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். விமான நிலையம் வந்த வருடம்: 2008. பக்கத்துப் பந்தலைப் பிடுங்கிக் கல்தூணை மட்டும் மனைவிற்கும் வேலியாக நட்டார்கள். கொரோனா வருடம்: 2020. மார்ச் கடைசியில் பழம் கனிந்து நிற்கும்போது மார்க்கெட் மூடியது. ஆள் இல்லை, லாரி இல்லை. பழம் கொடியிலேயே வாடி விழுந்தது. "அந்த வருஷத்துப் பழம் எப்படி இனிச்சுது தெரியுமா? வெயில் நல்லா அடிச்சிருந்துது." அப்புறம் அந்த நவம்பர் மழை. பூவே நிற்கவில்லை.

எண்ணிப் பார்த்தால், மான்டல்சினோவின் சுவரில் இருப்பது போன்ற ஓடுகள் இவர் தலைக்குள்ளும் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. ஒரே ஒரு வேற்றுமை. அங்கே நல்ல வருடம் விலையாக மாறுகிறது. கெட்ட வருடம் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையாக மாறுகிறது. தரத்துக்காக விளைச்சலைக் குறைத்தால் அதற்கும் கூலி உண்டு. இவருக்கு நல்ல வருடத்தில் வரத்து கூடி விலை விழுகிறது. கெட்ட வருடத்தில் விற்கப் பழமே இல்லை. இவருடைய திராட்சை வாங்கப்பட்டு, பிழியப்பட்டு, பல தோட்டத்துப் பழத்தோடு ஒரே தொட்டியில் கலந்து, எந்த வருடமும் எழுதாத லேபிளுக்குள் போய்விடுகிறது. வருடத்தின் முழு ஆபத்தும் இவருடையது. வருடத்தின் பெயர் மட்டும் இவருக்கு இல்லை.

"மகன் என்ன செய்கிறான்?"

"ஏர்போர்ட்ல வேலை" என்றார். அவன் சம்பளத்தில் மட்டும் மழை பெய்வதில்லை என்று சேர்த்துக்கொண்டார்.

கர்நாடக அரசு 2007இல் திராட்சை பதனீட்டுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கையே வகுத்தது. ஒயின் ஆலைகள் வந்தன. ஒயினுக்கான உயர் ரகத்தை ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்பியும் புதிய நாற்றும் போட்டு முதல் காசைப் பார்க்கச் சில வருடம் காத்திருக்க வேண்டும். மனை விலை ஏறும் மண்ணில் காத்திருப்பதற்குத்தான் மிக அதிக விலை. புருனெல்லோக்காரர் ஐந்து வருடம் காத்திருப்பதற்குச் சந்தை பணம் தருகிறது. தேவனஹள்ளியில் காத்திருப்பதற்கு ரியல் எஸ்டேட் தரகர் தருகிறார்.

தள்ளுபடி வாபஸ்

இருட்டும் நேரத்தில் அத்திபெலே திரும்பினேன். நெடுஞ்சாலையில் ஓசூர் ஆலைகளின் பஸ்கள் வரிசையாக ஊர்ந்தன. கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு அந்த பாட்டிலை மறுபடி இறக்கினார். டியூப்லைட் பக்கம் நிற்கவைத்தால் சூட்டில் கெட்டுவிடும், கார்க் போட்ட பாட்டிலை நிழலில் படுக்கவைக்க வேண்டும் என்று சொன்னேன். "குழந்தை மாதிரியா சார்?" என்றார்.

பிறகு 2022 என்பது காலாவதிக் கணக்கல்ல என்று விளக்கினேன். அந்தப் பழம் 2022 பிப்ரவரி வாக்கில் பறித்தது. அது பூத்ததும் பிஞ்சு பிடித்ததும் முந்தைய வருடம் அந்தப் பெருமழையில். அத்தனையும் தாங்கிக் கனிந்ததில் எது தேறியதோ அதுதான் உள்ளே இருக்கிறது என்றேன்.

"நவம்பர் மழையா?" அவர் கை நின்றது. "எங்க ஏரி கோடி போன வருஷம் சார் அது! சின்ன வயசுக்கப்புறம் அப்பத்தான் பார்த்தேன். பாலத்து மேல நின்னு ஊரே வேடிக்கை பார்த்துது." பாட்டிலை விளக்கடியில் தூக்கிப் பிடித்து, உள்ளே அந்தத் தண்ணீர் தெரிகிறதா என்பது போலப் பார்த்தார்.

சற்று நேரம் பேச்சில்லை. பில் போடும்போது மட்டும் தயங்கினார்.

"அப்படின்னா அந்த நூறு ரூபாய் தள்ளுபடி எதுக்கு சார்?"

முழு விலையையும் கொடுத்தேன். அந்த மழைக்கு அது அதிகமில்லை. ஆனால் அந்த நூறு ரூபாயில் ஒரு பைசாகூட தேவனஹள்ளிப் பந்தல் வரை போகாது.